ஒரே மூச்சில் வாசித்தவள்

அந்தக் கிடங்கில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவள் ‘ஒரே மூச்சு’. “ஒரே மூச்சு வந்தாச்சா?” என்று காவலாளி கேட்பான். “ஒரே மூச்சு சாப்பிடப் போயிருக்கு, உக்காருங்க” என்று வரிசையைப் பார்த்துக்கொள்கிறவள் சொல்வாள். அவள் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. பட்டப்பெயர் என்றால் குட்டை, நெட்டை, காது, பல் என்று உடம்பின் குறையைப் பிடித்துக்கொண்டுதான் வைப்பார்கள். தனக்கு மட்டும் திறமையைப் பார்த்து வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை.

அவளுடைய வேலை வாசிப்பது. கிடங்கில் வேலை கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு தாளை முழுதாக வாசித்துக் காட்ட வேண்டும். அவர்கள் கைரேகை வைக்க வேண்டும். அடுத்த ஆள் வர வேண்டும். ஏன் வாசிக்க வேண்டும் என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

வீடுகளுக்கு அனுப்பும் சாமான்களைப் பெட்டியில் அடைத்து ஒட்டுகிற கிடங்கு அது. நாளைக்கு யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்பதை அங்கே எந்த மனிதரும் தீர்மானிப்பதில்லை. ஒரு இயந்திரம் தீர்மானித்தது. சாயங்காலம் கைபேசியில் பச்சை வந்தால் வேலை உண்டு, சிவப்பு வந்தால் இல்லை. காரணம் வராது. வேலைக்காரர்கள் அந்த இயந்திரத்துக்கு வைத்த பெயர் ‘மாமியார்’. “எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருக்கும், மூஞ்சிக்கு நேரா ஒண்ணும் சொல்லாது, கடைசில சோத்துல கை வைக்கும்” என்று அதற்கு விளக்கமும் வைத்திருந்தார்கள்.

பிறகு ஒரு சட்டம் வந்தது. மனிதரைப் பற்றி இயந்திரம் முடிவு எடுக்கிறது என்றால் அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அது எதையெல்லாம் பார்க்கிறது, அதில் எதை வேண்டாம் என்று மறுக்கலாம், முடிவு பிடிக்கவில்லை என்றால் ஒரு மனிதரைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம் என்பதெல்லாம் சொல்லப்பட வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். நிறுவனத்தின் வக்கீல் எல்லாவற்றையும் ஒரு தாளின் இரண்டு பக்கத்திலும் பொடி எழுத்தில் அடைத்துக் கொடுத்தார். படித்தவர், படிக்காதவர் என்று பிரித்தால் அதற்கே ஒரு வழக்கு வரும் என்று சொல்லி, எல்லோருக்குமே வாசிக்கும்படி மேலாளர் உத்தரவு போட்டார். வாசிப்பது ஒலிப்பதிவாகும். பின்னாளில் யாராவது எனக்குச் சொல்லவில்லை என்று வந்து நின்றால் எடுத்துப் போட்டுக் காட்டலாம்.

முதலில் அந்த நாற்காலியில் ஒரு வாலிபனைப் போட்டார்கள். அவன் நல்ல பையன், அதுதான் கோளாறு. ஒவ்வொரு வரியையும் வாசித்துவிட்டு “புரியுதுங்களா?” என்று கேட்டான். புரியவில்லை என்றவர்களுக்கு விளக்கினான். வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனது. புரிந்தவர்களில் பாதிப் பேர் “அப்ப அது மட்டும் எனக்கு வேண்டாம்” என்றார்கள். வேண்டாம் என்று சொன்ன ஒவ்வொருவருக்கும் கண்காணிப்பாளர்கள் கையால் வேலை ஒதுக்க வேண்டியிருந்தது. அவர்கள் மேலாளரின் அறைக்குப் போய்க் கத்தினார்கள். வாலிபனைத் தூக்கிச் சுமை ஏற்றும் இடத்தில் போட்டார்கள். அங்கே யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

அவனுக்குப் பிறகு வந்தவள்தான் ஒரே மூச்சு.

அதற்கு முன் அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தாள். கண்ணாடி போட்ட சின்ன அறை, ஒரு ஒலிபெருக்கி, ஒரு ஓட்டை விசிறி. அங்கேதான் தொழிலைக் கற்றாள். கூட்டத்துக்கு வேண்டிய சொல்லைத் தூக்கிச் சொல்ல வேண்டும். கூட்டத்துக்குக் கோபம் வரக்கூடிய சொல்லைத் தாழ்த்தி ஓட்ட வேண்டும். வண்டி எண்ணும் நடைமேடையும் மணி அடித்த மாதிரி ஒலிக்கும். ‘தாமதம்’, ‘ரத்து’ என்பவை அவற்றுக்கு நடுவே நழுவிப் போய்விடும். சனங்கள் வண்டி வராத நடைமேடையில் பொறுமையாக நின்றுகொண்டிருப்பார்கள். எழுத்து ஒன்றும் விடமாட்டாள். விட்டுவிட்டாய் என்று மட்டும் அவளை யாரும் சொல்லிவிட முடியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் ஆய்வாளர் வரும் நாளில் வாத்தியார் அவளைத்தான் எழுப்பி வாசிக்கச் சொல்வார். வாசித்தது என்ன என்று கேட்கத் தொடங்கும் முன்பே ஆய்வாளர் கை தட்டிவிடுவார்.

அவள் பிறந்த வீட்டில் இரண்டு பெண்கள். இளையவளுக்குப் பிறந்தது முதல் இளைப்பு. தூசி பட்டால் போதும், நெஞ்சுக்குள் விசில் ஊதும். “கடவுள் ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மூச்சுதான் வச்சான், பெரியவ முழுசா எடுத்துக்கிட்டா” என்று அப்பா வேடிக்கையாகச் சொல்வார். அம்மா போன பிறகு தங்கையை வளர்த்தது அவள்தான். இளைப்பு வந்தால் முதுகைத் தடவி, “இழுடி, விடுடி, இழுடி” என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். தங்கை அவளை அக்கா என்றாலும் நெஞ்சில் வைத்திருந்தது அம்மாவின் இடத்தில்.

பேருந்து நிலையத்தில் ஒரு நாள் எழுத்து ஓடும் பலகையும், எங்கேயோ பதிவு செய்த ஒரு பெண்ணின் குரலும் வந்தன. அவளுக்குக் கணக்கு முடித்து அனுப்பினார்கள். வேலை போனதைவிட அந்தப் பெண்ணுக்கு ழகரம் வராததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. “அவ ‘வழி’ன்னு சொன்னா ‘வலி’ன்னு கேக்குது. அவளைப் போய் வச்சிருக்கானுங்க” என்று புருஷனிடம் பல நாள் பொருமினாள். புருஷன் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். “பஸ்ஸு ஒழுங்கா வருதா இல்லையா, அதைச் சொல்லு” என்றான்.

கிடங்கு மேலாளர் அவளைச் சோதிக்கக் கூப்பிட்ட அன்று தாளை நீட்டினார். அவள் ஒரு தரம் கண்ணால் ஓட்டிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு பக்கத்தை ஒரே இழுப்பில் வாசித்தாள். தாளைத் திருப்பும்போதுதான் மூச்சு வாங்கினாள். அடுத்த பக்கமும் அப்படியே. மேலாளர் பேனாவை மேசையில் வைத்தார்.

“ஏதாவது விட்டீங்களா?”

“ஒரு எழுத்து விட்டிருந்தா சொல்லுங்க சார், எழுந்து போயிடறேன்.”

“எனக்கு ஒண்ணும் புரியலையே.”

“மறுபடி படிக்கட்டுமா சார்?”

“ஐயோ, வேண்டாம்மா. இதே மாதிரி போதும்.” மேலாளர் சிரித்தார். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பின்பக்கத்தில் ஒரு வரி இருந்தது. நிறுவனத்தின் இலவச மருத்துவமனையில் நீங்கள் பெறும் சிகிச்சை விவரங்களையும் இயந்திரம் கணக்கில் எடுத்துக்கொள்ளும். கைரேகை வைப்பதற்கு முன் வேண்டாம் என்று நீங்கள் மறுக்கலாம். மறுப்பதால் உங்கள் வேலைக்குப் பாதிப்பு இல்லை.

“சார், இந்த ஆஸ்பத்திரி வரி மட்டும் கொஞ்சம் நிறுத்திப் படிக்கட்டுமா? வேண்டாம்னு சொல்லலாம்னு இருக்கே.”

மேலாளர் கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிற ஆள் இல்லை. “சட்டம் என்ன சொல்லுது? படிச்சுக் காட்டுன்னு சொல்லுது. படிக்கறது உன் வேலை, புரிஞ்சுக்கறது அவங்க வேலை. ரெண்டையும் நீயே பாத்தா அவங்க எதுக்கு? முன்னாடி இருந்த பையன் இப்ப மூட்டை தூக்கறான், போற வழியில பாத்துட்டுப் போ” என்றார்.

அவள் பார்க்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கேட்கவும் இல்லை. பேருந்து நிலையத்துப் பழக்கம் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. ‘வேலை’, ‘சம்பளம்’, ‘கைரேகை’ என்ற சொற்கள் தூக்கலாக ஒலித்தன. மருத்துவமனை வரி, பள்ளத்தில் இறங்கி ஏறும் வண்டி போல ஒரு குலுக்கலோடு கடந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் பாதியில் கண் சொருகி, ‘கைரேகை’ என்ற இடத்தில் விழித்துக்கொண்டு, கட்டைவிரலைத் துடைத்தபடி எழுந்தார்கள். வேண்டாம் என்று சொல்கிறவர்கள் அற்றுப் போனார்கள். வரிசை தெருவிலிருந்து உள்ளே வந்தது. மேலாளர் அவளுக்கு மெத்தை வைத்த நாற்காலியும் தனி விசிறியும் கொடுத்தார். காலம் போகப் போக அந்தத் தாள் அவளுக்கு மூச்சு வாங்கும் இடங்களும் விடும் இடங்களுமாக ஆகிவிட்டது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால், அவளால் முதலிலிருந்து வாசித்துக் காட்டத்தான் முடிந்திருக்கும்.

தங்கையின் புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். பள்ளிக்கூடம் போகும் ஒரு மகளோடு தங்கை அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்துக்கொண்டு வந்தாள். போனவனின் அண்ணன் வீட்டிலிருந்து ஆள் வந்தது: வேலை வெட்டி இல்லாதவளால் பெண்ணை வளர்க்க முடியாது, எங்கள் ரத்தம், எங்களோடு வரட்டும் என்று. அந்த வீட்டில் வேலைக்காரி நின்று போயிருந்தாள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

“எனக்கு ஒரு வேலை இருந்தா அவங்க வாசப்படி ஏற மாட்டாங்கக்கா” என்றாள் தங்கை.

“நான் இருக்கேன்ல. நாளைக்கு வா, என் கையாலயே எடுத்துக்கறேன்” என்றாள் அவள். எடுத்துக்கொள்ளும் அதிகாரம் அவளிடம் இல்லை. ஆனாலும் அப்படிச் சொல்வது நன்றாக இருந்தது.

மறுநாள் பார்த்துத் தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் வந்திருந்தார்கள். மேலாளர் அவர்களை வாசிக்கும் மேசைக்கே அழைத்து வந்து, “இவங்கதான் நான் சொன்னவங்க” என்று காட்டினார். பெஞ்சில் முதல் ஆளாகத் தங்கை உட்கார்ந்திருந்தாள். அக்காவுக்குப் பின்னால் கோட்டு போட்டவர்கள் நிற்பதையும், அக்கா முன்னால் ஒலிவாங்கி இருப்பதையும் பார்த்து அவளுக்கு முகமெல்லாம் பல். பக்கத்தில் இருந்தவளிடம், “எங்கக்கா” என்றாள்.

அன்று ஒரே மூச்சு வாசித்தது போல அதற்கு முன்னும் வாசித்ததில்லை, பின்னும் இல்லை. பக்கத்தைத் திருப்பும்போதுகூட மூச்சு வாங்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரே ஓட்டம். ழகரம் ழகரமாக, றகரம் றகரமாக, ஒன்றின் மேல் ஒன்று இடிக்காமல் பாய்ந்தது. கோட்டு போட்டவர்களில் ஒருவர் தலையை ஆட்டினார். தங்கை வாய் திறந்தபடி அக்காவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் கிடங்குத் தூசியில் அவளுக்கு ஒரு இருமல் வந்தது. “சரிக்கா” என்றாள். கட்டைவிரலை வைத்தாள்.

முதலில் எல்லாம் பச்சைதான். தங்கை பெட்டி ஒட்டினாள், கையில் ஒட்டு நாடா கிழித்த கீறல்களோடு வந்து சிரித்தாள். அண்ணன் வீட்டு ஆட்கள் வருவது நின்றது. ஆனால் அட்டைத் தூசி சும்மா விடுமா? விசில் ஊத ஆரம்பித்தது. வெளியே மருந்துக் கடையில் அவள் விலை கேட்டுத் திரும்பி வந்ததைப் பார்த்த அக்கா திட்டினாள்.

“அறிவிருக்காடி உனக்கு? கம்பெனி ஆஸ்பத்திரி பின்னாடியே இருக்கு, எல்லாம் சும்மா தர்றான். போய் மூச்சுல இழுக்கற மருந்து வாங்கிக்கோ.”

“போலாமாக்கா? ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?”

“யாரு என்ன சொல்லப் போறா? நான் சொல்றேன், போ.”

தங்கை போனாள். மருத்துவர் நல்ல மாதிரி. நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து, மருந்து கொடுத்து, கணினியில் தட்டினார். அந்த வாரமே கைபேசியில் சிவப்பு வந்தது. மறுநாளும் சிவப்பு. அதற்கு மறுநாளும்.

“மாமியாருக்கு என்னைப் பிடிக்கலைக்கா. ஏற்கெனவே நெசமான மாமியாருக்குப் பிடிக்காமத்தான் இங்க வந்து நிக்கறேன்” என்று தங்கை முதலில் வேடிக்கையாகத்தான் சொன்னாள். பிறகு வேடிக்கை நின்றது. அண்ணன் வீட்டிலிருந்து மறுபடி ஆள் வந்தது. இந்தத் தடவை பெண்ணுக்கு ஒரு புது உடுப்போடு வந்தார்கள்.

எதனால் சிவப்பு என்று அக்காவுக்கு விளங்கவில்லை. கண்காணிப்பாளரைக் கேட்டாள், மாமியாரைக் கேளு என்றார். அடுத்த நாள் யோசனையோடு மேசையில் உட்கார்ந்து யாரோ ஒருத்திக்கு வாசித்துக்கொண்டிருந்தாள். பின்பக்கம் வந்தது. பள்ளம் வந்தது. நிறுவனத்தின் இலவச மருத்துவமனையில் நீங்கள் பெறும்… அங்கே நின்றாள். தன் குரல் தன் காதில் விழுந்தது. பழக்கமில்லாத ஆளின் குரல் போல இருந்தது அது. நெஞ்சில் இருந்த மூச்சு வெளியே வர மறுத்தது.

பெஞ்சில் இருந்த பெண், “முடிஞ்சுதாங்க? விரலை வைக்கட்டா?” என்றாள்.

“இல்லம்மா. இன்னும் இருக்கு” என்று சொல்லி, மீதியை வழக்கமான வேகத்தில் வாசித்து முடித்தாள். ஒலிவாங்கியில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் தங்கையின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். தங்கை அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“அது அந்தத் தாள்லயே இருந்துதா?”

“இருந்துதுடி.”

“நீ எனக்குப் படிச்சியா?”

“படிச்சேன்.”

“வேண்டாம்னு சொல்லலாம்னும் படிச்சியா?”

“அதையும்தான்.”

“நான் உன் வாயையே பாத்துக்கிட்டிருந்தேன்கா” என்றாள்.

ஒரு மனிதரைப் பார்க்கச் சொல்லும் உரிமை தாளில் இருந்தது. கேட்டார்கள். பார்த்த மனிதர் மேலாளர். இயந்திரம் சொன்னது சரி என்று ஒரு பொத்தானை அமுக்கினார். அதற்கு மேல் போக ஒரே வழி, இந்தச் சட்டத்துக்கென்று இருந்த அரசு அலுவலகம். சரியாகச் சொல்லாமல் கைரேகை வாங்கினார்கள் என்று அங்கே முடிவானால், மருத்துவமனை விவரத்தை இயந்திரத்திலிருந்து அழித்துப் பழையபடி வேலை கொடுக்க வேண்டும். தங்கை புகார் கொடுத்தாள்.

“அதிகாரி முன்னாடி நான் சொல்றேன்டி” என்றாள் அக்கா. “புரியக் கூடாதுன்னுதான் அப்படிப் படிச்சேன், மேனேஜர் அப்படித்தான் படிக்கச் சொன்னாருன்னு சொல்றேன். அதைச் சொன்னாப் போதும்.”

“உன் வேலை போயிடும்.”

“போனாப் போகுது. நாற்காலிக்கு மெத்தை போட்டா நான் என்ன ராணியா?”

தங்கை முதல் தடவையாக அழுதாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவது போலப் பாவனை செய்துகொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னபோது அவன், “சொல்லிடு. வீட்டை லாரி பாத்துக்கும்” என்றான். அவன் அப்படிச் சொல்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. தடை என்று ஒன்றும் மிச்சம் இல்லாமல் போயிற்று.

விசாரணை மேலாளரின் அறையிலேயே நடந்தது. வந்த அதிகாரி வயதானவர், பொறுமைசாலி, காதுக்குப் பின்னால் கேட்கும் கருவி வைத்திருந்தார். ஒரு பக்கம் மேலாளரும் வக்கீலும். எதிரே தங்கை, பக்கத்தில் அக்கா. அதிகாரி எல்லோரையும் தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

முதலில் பேசியது மேலாளர். குரலில் அவ்வளவு இரக்கம். “சார், இந்தப் பொண்ணைப் பாத்தா எங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. எங்க தரப்புல தப்பு நடந்திருக்க வாய்ப்பே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். தாள் சரியா இருக்கு. ஆனா படிச்சவங்க மனுஷங்கதானே? வேலை அதிகம், வயசாகுது. ஒரு வரி ரெண்டு வரி விட்டிருக்கலாம். வாய் குழறியிருக்கலாம். சொந்தத் தங்கச்சியைப் பாத்த சந்தோஷத்துல ஒரு பத்தி தாண்டிப் போயிருக்கலாம். அப்படின்னா தப்பு அவங்களோடது, நாங்க ஏத்துக்கறோம்.”

அக்காவின் காது மடல் சிவந்தது.

அதிகாரி தாளைக் கையில் எடுத்துக்கொண்டார். “போடுங்க, கேப்போம்” என்றார்.

பதிவு ஓடியது. அறை முழுக்க அவள் குரல் நிறைந்தது. அதிகாரி தாளில் விரலை வைத்து வரி வரியாகப் பின்தொடர்ந்தார். தாள் கையில் இருந்ததால் அவருக்கு ஒன்றும் தவறவில்லை. மருத்துவமனை வரி வந்தபோது விரல் அங்கே சரியாகப் போய், சரியாகக் கடந்தது. முடிவில் ஒரு இருமல், “சரிக்கா.” அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் ஒரு வியப்பு இருந்தது.

“இது உங்க குரல்தானேம்மா?”

“ஆமாங்க.”

“மேனேஜர் சந்தேகப்படறாரு. ஏதாவது விட்டுட்டீங்களா?”

சொல்ல வேண்டியது அவள் நாக்கு நுனியில்தான் இருந்தது. வருகிற வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். ஆனால் கேட்கப்பட்ட கேள்வி வேறாக இருந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் தலை நிமிர்ந்து பதில் சொல்லிப் பழகிய கேள்வி அது. அவளுக்கு முன்னால் அவள் வாய் பதில் சொன்னது.

“ஒரு வார்த்தை விடலைங்க. ஒரு எழுத்துகூட விடலை.”

“குழறல் ஏதாவது?”

“நீங்களே கேட்டீங்களே.”

“கேட்டேன். சுத்தமா இருக்கு” என்று அதிகாரி எழுதத் தொடங்கினார். மேலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். தங்கை திரும்பி அக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வை பட்ட பிறகுதான் அவளுக்குச் சுரணை வந்தது.

“ஐயா, ஆனா ரொம்ப வேகமாங்க. புரியக் கூடாதுன்னுதான் அப்படி…”

“வேகத்துக்குச் சட்டத்துல அளவு இல்லம்மா. முழுசா இருக்கணும், தெளிவா இருக்கணும். எனக்கே ஒவ்வொரு எழுத்தும் விளங்குது, எனக்குக் காது பாதிதான் கேக்கும்” என்றார் அதிகாரி. “போதாததுக்குப் படிச்சது கூடப் பொறந்த அக்கா. இதைவிட நல்லா யாரு எடுத்துச் சொல்லிட முடியும்? நீங்க தங்கச்சிக்காக இப்ப பேசறீங்க, அது எனக்குப் புரியுது.” பிறகு தங்கையைப் பார்த்து, “இனிமே வேணும்னா நீங்க வேண்டாம்னு எழுதிக் குடுக்கலாம். ஆனா முன்னாடி தெரிஞ்சுக்கிட்டதை மெஷினு தெரியாத மாதிரி இருக்கணும்னு நான் சொல்ல முடியாது” என்றார். அதை அவர் மிகவும் மென்மையாகச் சொன்னார்.

வெளியே நடைவழியில் தங்கை செருப்பை மாட்டிக்கொண்டாள். நெஞ்சுக்குள் விசில் கேட்டது. அக்கா கையை நீட்டி முதுகைத் தொடப் போனாள். தங்கை ஒதுங்கிக்கொண்டாள்.

“நல்லாத்தான் படிச்சேக்கா” என்றாள். அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை.

அண்ணன் வீட்டார் அந்த மாதமே வந்து பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பெண் புது உடுப்பைப் போட்டுக்கொண்டு போனாள். திரும்பித் திரும்பிப் பார்த்தாள் என்று பக்கத்து அறைக்காரி சொன்னாள். அறையைக் காலி செய்த தங்கை எந்தப் பக்கம் போனாள் என்று அவளும் சொல்லவில்லை.

அதிகாரி தம் அறிக்கையில், இந்தப் பதிவு சட்டம் கேட்பதை முழுதாக நிறைவேற்றுகிறது என்று எழுதியிருந்தார். வக்கீலுக்கு அந்த வரி தேனாக இனித்தது. அரசாங்கமே சரி என்று சொன்ன வாசிப்பு ஒன்று கையில் இருக்கும்போது தினம் தினம் புதிதாக ஏன் வாசிக்க வேண்டும்? ஒரு நாள் குரல் கம்மினால் வம்பு. அந்தப் பதிவையே எல்லோருக்கும் போட்டுவிடலாம். கடைசியில் வருகிற இருமலை வெட்டிவிடலாமா என்று மேலாளர் கேட்டார். எதையும் தொட வேண்டாம், அதிகாரி கேட்டது எதுவோ அதுதான் செல்லும் என்றார் வக்கீல்.

மேலாளர் அவளைக் கூப்பிட்டு விவரம் சொன்னார். “உன்னை யாரும் அனுப்பலைம்மா. உன் குரல் எப்பவும் இங்கதான் இருக்கும்” என்றார். “ஆள்தான் தேவைப்படலை. பெட்டி ஒட்டற வேலைக்கு எழுதிப் போடு, மாமியார்கிட்ட நான் சொல்ல முடியாது, ஆனா எழுதிப் போடு.” மெத்தை வைத்த நாற்காலி அவருடைய அறைக்கு வெளியே, வந்தவர்கள் உட்காருவதற்காகப் போடப்பட்டிருந்தது.

புருஷனின் லாரி பழுதாகி நின்ற சமயத்தில் அவள் எழுதிப் போட்டாள். வரச் சொன்ன நாளில் போய் மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். மேசை எடுக்கப்பட்டிருந்தது. சுவரில் ஒரு ஒலிபெருக்கி, அதன் கீழே விரல் வைக்கும் கருவி. காவலாளி அவளைப் பார்த்து, “என்ன ஒரே மூச்சு, இந்தப் பக்கம் வந்து உக்காந்துட்ட?” என்று சிரித்தான். பிறகு பொத்தானை அமுக்கிவிட்டு வாசலுக்குப் போனான்.

குரல் வந்தது. அவளால் அதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கண் சொருகியது. பின்பக்கம் வந்தது, பள்ளம் வந்தது. அந்த அறையில் அந்த வரி எங்கே வரும் என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். எழுந்து நின்று, “எனக்கு ஆஸ்பத்திரி விவரம் வேண்டாங்க” என்றாள். கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை. குரல் நிற்காமல் ஓடியது.

“உக்காரும்மா, காத்து மறைக்குது” என்றான் பின்னால் ஒருவன்.

உட்கார்ந்தாள். கைரேகை என்ற சொல் மணி போல ஒலித்தது. பெஞ்சில் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். ஒலிபெருக்கியில் இருமல் கேட்டது. “சரிக்கா.”

பக்கத்தில் இருந்த பெண் கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டே, “யாருங்க அது, கடைசில இருமறது?” என்று கேட்டாள்.

“தெரியலைம்மா” என்றாள் அவள். அவளுடைய முறை வந்திருந்தது. போய் விரலை வைத்தாள்.